பேரிக்காய்த் திருட்டும் சுயசித்தமும்

கேட்கப்பட்ட கேள்வியை என் வார்த்தையில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். "தீமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார், அவன் அதைக் கெடுத்துக்கொண்டான்' என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். விசுவாசம் என்று பேச்சு வந்தால் அதே ஆட்கள் 'இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு' என்கிறார்கள். தப்பு செய்தால் நான் பொறுப்பு, நல்லதைப் பிடித்துக்கொண்டால் அவர் பொறுப்பா? இது என்ன கணக்கு?"

இந்தக் கணக்கு உதைக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள் இல்லை. 420-களில் வட ஆப்பிரிக்காவின் ஹத்ருமேத்தும் என்ற ஊரில் ஒரு மடமே இதை வைத்து இரண்டுபட்டது. எல்லாம் கிருபை என்றால் நான் தப்பு செய்யும்போது என்னை ஏன் கண்டிக்கிறீர்கள், எனக்காக ஜெபம் செய்துவிட்டுப் போங்களேன் என்று அங்கே ஒரு வாதம் கிளம்பி, அது ஹிப்போ நகரத்துப் பிஷப்பாக இருந்த கிழவர் அகுஸ்தீன் வரைக்கும் போய், அவர் உட்கார்ந்து அவர்களுக்காக இரண்டு புத்தகம் எழுதவேண்டியதாயிற்று. எனவே முரண்பாடு உங்கள் கற்பனை என்று நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு: முதல் நானூறு வருஷத்தில் 'சுதந்திரம்' என்ற சொல்லை வைத்து இரண்டு வெவ்வேறு எதிரிகளோடு சண்டை போட்டிருக்கிறார்கள். எதிரி மாறியபோது சொல்லின் பொருளும் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. அந்த நகர்வைப் பார்க்காமல் இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் எதிரி விதி. 2-ஆம் நூற்றாண்டு ரோம உலகத்தில் ஜாதகம் பார்ப்பது சாதாரண விஷயம். கிரகம் நின்ற இடத்தைப் பொறுத்து நீ கொலைகாரனாவாய், நீ அரசனாவாய் என்று சொல்ல ஆள் இருந்தது. யுஸ்தீன் என்ற தத்துவவாதி, பின்னால் ரோமில் தலை வெட்டப்பட்டு இறந்தவர், சக்கரவர்த்திக்கு எழுதிய விண்ணப்பத்தில் நேராகக் கேட்டுவிடுகிறார்: எல்லாம் விதிப்படி என்றால் நல்லவனைப் புகழவும் முடியாது, கெட்டவனைக் குறை சொல்லவும் முடியாது, அப்புறம் எதற்கு நியாயஸ்தலம்?

இதே வாதத்தை எனக்கு மிகவும் பிடித்த விதத்தில் செய்தவர் எதெசாவின் பர்தைசான் (154–222). எதெசா இன்றைய துருக்கியிலுள்ள ஊர்ஃபா. அங்கே அரசவையோடு பழகிய, சிரியாக் மொழி பேசிய ஆள். அவருடைய உரையாடலைச் சீடர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். உடம்பு இயற்கையின் கையில், நோயும் செல்வமும் போன்றவை விதியின் கையில், ஆனால் நல்லதைச் செய்வதா கெட்டதைச் செய்வதா என்பது உன் கையில் என்று மூன்றாகப் பிரிக்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம்தான் சுவாரஸ்யம். வானத்திலிருக்கும் கிரகங்கள் எல்லா நாட்டுக்கும் பொதுதானே, பின்னே ஏன் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வழக்கம்? சீனர்கள் ஒரு மாதிரி, பாரசீகர்கள் ஒரு மாதிரி. இந்தியாவில் பிராமணர்கள் கொலை செய்வதில்லை, மாமிசம் தின்பதில்லை, மது குடிப்பதில்லை. அதே இந்தியாவில், அதே வானத்தின் கீழே, மற்றவர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். எல்லாருக்குமா ஒரே கட்டத்தில் கிரகம் நிற்கிறது? மெசப்பொத்தாமியாவில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர்ப் பழக்கவழக்கத்தை வைத்து ஜோதிடத்தை மடக்கியிருக்கிறார் மனிதர்.

சரி, விதி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே அது வேறு வேஷத்தில் நுழைந்தது. வலந்தீனுஸ் வழிவந்த ஞானவாதிகள் (ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்ற கூட்டத்தார்), மனிதர்களில் மூன்று வகை உண்டு என்றார்கள்: ஆவிக்குரியவர், ஆன்மாவுக்குரியவர், மண்ணுக்குரியவர். முதல் வகை எப்படியும் கரையேறிவிடும். தங்கம் சேற்றில் விழுந்தாலும் தங்கம்தானே. மூன்றாம் வகை எப்படியும் அழியும். பிறவியிலேயே முடிந்துபோன விஷயம்.

மார்சியோன் வேறு வழியில் போனார். கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே ஊர்க்காரர், கப்பல் முதலாளி, ரோமுக்கு வந்து சபைக்கு 2,00,000 செஸ்தெர்ஸ் காசு நன்கொடை கொடுத்தவர். 144-இல் அவரைச் சபையை விட்டு வெளியேற்றினபோது அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் (நன்கொடையைத் திருப்பிக் கொடுத்த சபை! அது ஒன்றுக்காகவே அந்தக் காலத்து ரோமச் சபை மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு). அவருடைய வாதம் எளிமையானது. நல்ல மரம் கெட்ட கனி கொடுக்காது என்று இயேசு சொல்கிறார். ஏசாயா புத்தகத்திலோ "சமாதானத்தைப் படைத்து தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே" என்று படைத்தவர் தானே ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் இவர் ஒரு கடவுள், இயேசுவின் தகப்பன் வேறொரு கடவுள். முடிந்தது கதை. தீமைக்கு ஒரு கடவுளைப் பொறுப்பாக்கிவிட்டால் நல்ல கடவுளின் கை சுத்தமாகிவிடும். இந்த ஆள் 'தீமை எங்கிருந்து' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சீக்காளியாகிவிட்டார் என்று கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பின்னால் கிண்டல் செய்தார்.

இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் சுதந்திரம் வந்தது. லியோன் நகரத்துப் பிஷப் ஐரேனேயுஸ் சுமார் 180-இல் எழுதுகிறார்: மனிதன் ஆதிமுதலே சுதந்திரவாளி, கடவுள் யாரையும் பலவந்தம் செய்வதில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அவர் பத்தோடு பதினொன்று. அடுத்த அத்தியாயத்தில் ஒரு படி மேலே போகிறார்: ஏன் கடவுள் மனிதனை முதல் நாளே முழுமையானவனாகப் படைக்கவில்லை? ஒரு தாயால் கைக்குழந்தைக்குச் சோறு ஊட்ட முடியும்தான், ஆனால் குழந்தையால் அதை விழுங்க முடியாது. ஆதாமும் ஏவாளும் அவருக்குப் பிள்ளைகள், வளர வேண்டியவர்கள். அவர்கள் விழுந்ததை, எல்லாம் பாழாய்ப்போன பேரழிவாக அவர் பார்ப்பதில்லை. நடக்கப் பழகும் குழந்தை விழுந்த மாதிரி, கொஞ்சம் கோபமும் நிறைய இரக்கமுமாகப் பார்க்கிறார். மனித சித்தம் கெட்டு அழுகிவிட்டது என்ற நினைப்பே அவருக்கு அந்நியம்.

அலெக்சாந்திரியாவின் ஒரிஜென் (சுமார் 185–253) இதையெல்லாம் ஒரு பெரிய கட்டடமாகக் கட்டினார். தகப்பன் லெயோனிதெஸ் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டபோது இவருக்குப் பதினேழு வயது இருக்கும். தானும் போய்ச் சாகிறேன் என்று கிளம்பிய பையனை நிறுத்த அவருடைய தாய் துணிகளை ஒளித்து வைத்துவிட்டாராம். அவருடைய 'முதற்கோட்பாடுகள்' என்ற நூலின் மூன்றாம் பகுதியில் நீளமான முதல் அத்தியாயம் சுயசித்தத்தைப் பற்றியது, அதாவது தானே தெரிந்தெடுக்கும் சுதந்திரத்தைப் பற்றியது. அங்கே அவர் நேருக்கு நேர் எடுத்துக்கொள்வது, வேதத்திலேயே சங்கடமான அந்த இடத்தை: எகிப்து அரசன் பார்வோனின் இருதயத்தைக் கடவுளே கடினப்படுத்தினார் என்று யாத்திராகமம் சொல்கிறதே, அப்படியானால் பார்வோன் மேல் என்ன குற்றம்? ஒரிஜென் சொல்கிறார்: ஒரே வெயில் மெழுகை உருக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது. ஒரே மழைதான் உழுத நிலத்தில் பயிரையும் உழாத நிலத்தில் முள்ளையும் வளர்க்கிறது. மழை பேசினால் "முள்ளை நான்தான் வளர்த்தேன்" என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. ஆனால் நிலத்தை உழாமல் போட்டது யார்?

எனக்கு இந்த உவமை பிடிக்கும், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது: மெழுகு மெழுகாகப் பிறந்ததற்கும் மண் மண்ணாகப் பிறந்ததற்கும் காரணம் யார்? ஞானவாதிகளின் மூன்று வகை மறுபடி கொல்லைவழியாக உள்ளே வந்துவிடுகிறதே! ஒரிஜென் கெட்டிக்காரர், அதையும் பார்த்துவிட்டார். ஆதியில் எல்லா அறிவுள்ள ஜீவன்களும் சமமாகவே படைக்கப்பட்டன, கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்த அவை தங்கள் தங்கள் விருப்பப்படி சலித்துப்போய், சூடு தணிந்து, வெவ்வேறு தூரத்துக்கு விழுந்தன என்று ஒரு ஊகத்தை வைக்கிறார். கிரேக்கத்தில் ஆன்மாவுக்கான சொல்லும் குளிர்ச்சிக்கான சொல்லும் ஒலியில் நெருக்கம். ஆன்மா என்பதே ஆறிப்போன மனம் என்று அதை வைத்து ஒரு விளையாட்டு. ஒருவன் குருடனாகப் பிறப்பதும் ஒருவன் அரண்மனையில் பிறப்பதும் கடவுளின் ஓரவஞ்சனை ஆகாது, முன்பே எடுத்த முடிவுகளின் விளைவு. இந்த உலகம் தண்டனைக்கூடம் மாதிரி தெரிந்தாலும் உள்ளபடி ஒரு மருத்துவச்சாலை; கடைசியில் எல்லாம் குணமாகித் திரும்பும்.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. 'ஒரிஜென் மறுபிறவியைப் போதித்தார், சபை மறைத்துவிட்டது' என்று ஒரு செய்தி நம் ஆட்களிடையே அடிக்கடி சுற்றுகிறது. கர்ம வினைக்கு அருகில் வருவது போலத் தெரிவதால் நமக்கு அது இனிக்கவும் செய்கிறது. ஆனால் பிறப்புக்கு முன் ஆன்மா இருந்தது என்பது வேறு, திரும்பத் திரும்பப் பிறக்கிறது என்பது வேறு. யோவான் ஸ்நானகன் எலியாவின் மறுபிறவியா என்ற கேள்விக்கு மத்தேயு சுவிசேஷ விளக்கத்தில் அவர் 'இல்லை' என்று தெளிவாகவே சொல்கிறார். 6-ஆம் நூற்றாண்டில் அவருடைய கருத்துகள் கண்டிக்கப்பட்டன என்பது உண்மைதான், அதில் முன்னிருப்பும் அடக்கம்.

ஆக இதுவரை பேசிய எல்லாருக்கும் சுதந்திரம் என்றால், கட்டாயம் இல்லை என்று பொருள். நட்சத்திரம் உன்னைத் தள்ளவில்லை, பிறவி உன்னைத் தள்ளவில்லை, இன்னொரு கெட்ட கடவுள் உன்னைத் தள்ளவில்லை. அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அதிகம் தோண்டிப் பார்க்கவில்லை. தோண்டினவர் அகுஸ்தீன்.

354-இல் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது அந்த ஊர். பதினாறு வயதில் நடந்த ஒரு சின்னத் திருட்டை, தன் நாற்பதுகளில், பிஷப்பாக இருக்கும்போது எழுதுகிறார். வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம். காய் பார்க்கவும் நன்றாக இல்லை, ருசியும் கிடையாது. நடுராத்திரியில் சேட்டைக்காரப் பையன்கள் கூட்டமாகப் போய், மரத்தை உலுக்கி, சுமக்க முடியாத அளவுக்குச் சுமந்து வந்தார்கள். எதற்கு? ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். இதைவிட நல்ல பேரிக்காய் தன்னிடமே இருந்தது என்கிறார். பசி இல்லை, தேவை இல்லை, பகை இல்லை. ரோமில் சதி செய்த கத்திலீனாவைப் போன்ற கொடியவனுக்குக்கூட அவன் செய்த கொலைக்கு ஏதோ ஒரு லாபக்கணக்கு இருந்தது. எனக்கு என்ன இருந்தது? "அது அசிங்கமாக இருந்தது, நான் அதை நேசித்தேன்" என்று முடிக்கிறார். அப்புறம் ஒன்று சேர்க்கிறார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். 'வாங்கடா போவோம்' என்று ஒருவன் சொன்ன பிறகு, வெட்கங்கெட்டவனாக இல்லாமல் இருப்பதுதான் வெட்கமாகிவிட்டது.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பக்கமா என்று முதல் வாசிப்பில் எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் அவர் அதைச் சும்மா வைக்கவில்லை. கொலை, விபசாரம் என்று பெரிதாக எடுத்தால் ஆசை, கோபம் என்று காரணம் சொல்லிவிடலாம். காரணமே இல்லாத தீமை ஒன்றை மேஜைமேல் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேரிக்காய்.

இந்தக் கேள்வி அவரைச் சும்மா விடாததால்தான் சுமார் பத்தொன்பது வயதில் மணிக்கேயரிடம் போய்ச் சேர்ந்தார். 3-ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பக்கத்தில் மானி தொடங்கிய மார்க்கம் அது. ஒளி, இருள் என இரண்டு மூலங்கள். இருள் ஒளியைத் தாக்கி விழுங்கியதில் இரண்டும் கலந்துபோனதுதான் இந்த உலகம். அத்திப்பழத்தைப் பறித்தால் அது பாலாய்க் கண்ணீர் விடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட துறவிகள் அதைத் தின்று செரித்தால் உள்ளே சிக்கிய ஒளித்துணுக்கு விடுதலையாகிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் ஒன்பது வருஷம் அவரைக் கட்டிப்போட்ட கவர்ச்சி வேறிடத்தில் இருந்தது, அதை அவரே ஒத்துக்கொள்கிறார்: பாவம் செய்வது நான் இல்லை, எனக்குள் இருக்கும் வேறொரு இயல்பு என்று நினைப்பது என் ஆணவத்துக்கு இனித்தது. நான் சுத்தம், எனக்குள் வந்த இருட்டு செய்தது. இதைவிடச் சௌகரியமான கோட்பாடு ஒன்று இருக்க முடியுமா?

மிலான் நகரத்தில், 386 வாக்கில், பிளேட்டோவழித் தத்துவநூல்கள் கையில் கிடைத்தபோது அந்த இருட்டு கரைந்தது. தீமைக்கென்று ஒரு பொருள் கிடையாது, நன்மையின் குறைவுக்குத்தான் அந்தப் பெயர். இதைப் 'தீமை ஒரு மாயை' என்று நம்மவர்கள் சிலர் புரிந்துகொள்கிறார்கள், தவறு. அவர் தரும் உதாரணத்தைப் பாருங்கள்: உடம்பில் ஒரு புண். அது ஆறிவிட்டால் அந்தப் புண் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது சொல்வோமா? அது இல்லாமல் போகிறது, ஏனென்றால் அது தனிப் பொருளாக என்றைக்குமே இருக்கவில்லை, நல்ல சதையின் சிதைவாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தவரை வலித்தது, சீழ் பிடித்தது, ஆளைக் கொல்லவும் கூடியது. குறைவு என்பது பொய் என்று ஆகாது.

இந்தத் தெம்பில் 388-இல் ரோமில் தொடங்கி, 395 வாக்கில் ஹிப்போவில் முடித்த நூல்தான் சுயசித்தத்தைப் பற்றிய உரையாடல். நண்பர் எவோதியுஸ் எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார்: தீமைக்குக் கடவுள்தானே காரணம், சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பாடப்புத்தகங்களில் வரும் பதில் இந்த நூலிலிருந்து வந்ததுதான். சித்தம் நல்லது, கண்ணைப் போல, கையைப் போல. கண்ணால் கெட்டதைப் பார்க்கலாம் என்பதற்காகக் கண்ணில்லாத உடம்பை மேல் என்று சொல்வாயா? சரி, அந்த நல்ல சித்தம் ஏன் கெட்டதன் பக்கம் திரும்பியது? அதற்குக் காரணம் தேடாதே என்கிறார். பிற்காலத்தில் 'கடவுளின் நகரம்' நூலில் இன்னும் கூர்மையாக: அது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயற்சி செய்வது மாதிரி. வாக்கியம் அருமை. ஆனால் இது பதிலா, கதவைச் சாத்திவிட்டுப் போவதா என்று கேட்டால், என் வரைக்கும் பாதிப் பாதி.

இங்கே அவர் நின்றிருந்தால் ஐரேனேயுஸ், ஒரிஜென் வரிசையில் இன்னொருவராக இருந்திருப்பார். நிற்கவிடாமல் செய்தது அவருடைய சொந்த அனுபவம். கிறிஸ்தவம் உண்மை என்று மூளைக்குத் தெரிந்துவிட்டது, பழைய வாழ்க்கையை விடவேண்டும் என்று விருப்பமும் வந்துவிட்டது, ஆனாலும் விட முடியவில்லை. 'எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்' என்று இளமையில் ஜெபித்ததைச் சொல்லிச் சிரிக்கிறார். மிலான் வீட்டுத் தோட்டத்தில் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைக்கிறது. மனம் கைக்குக் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது, கட்டளைக்கும் செயலுக்கும் இடைவெளியே தெரிவதில்லை. மனம் மனத்துக்கே கட்டளையிட்டால் கேட்க மாட்டேன் என்கிறது! கை வேறு பொருள், அது கேட்கிறது. மனம் அதே மனம், அது கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது இந்த விசித்திரம்? மணிக்கேயர் உடனே, பார்த்தாயா உனக்குள் இரண்டு இயல்பு என்பார்கள். இல்லை என்கிறார் அகுஸ்தீன். விரும்பினதும் நான், விரும்பாததும் நானே. கோணலான சித்தத்தால் இச்சை பிறந்தது, இச்சைக்கு அடிமையானதால் பழக்கம் பிறந்தது, பழக்கத்தைத் தடுக்காததால் அது கட்டாயமாகிவிட்டது. வளையத்தோடு வளையம் கோத்த சங்கிலி, வேறு யாரும் போட்ட இரும்பு இல்லை, என் சித்தமே இரும்பானது.

புகையிலையையோ குடியையோ விட முயன்ற யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

விதி இப்போது வானத்திலிருந்து இறங்கி சித்தத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது, பாருங்கள். இந்தச் சண்டையில் 'உன்னை யாரும் தள்ளவில்லை' என்ற பழைய பதில் செல்லாது. யாரும் தள்ளவில்லை என்பது அவனுக்கே தெரியும், அதுதான் அவன் பிரச்சினை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுல் எழுதினதை அகுஸ்தீன் பிடித்துக்கொண்டது இதனால்தான். 396 வாக்கில் மிலானின் சிம்ப்ளிசியானுஸுக்குப் பதில் எழுதும்போது வேதத்தில் வரும் இரட்டைப் பிள்ளைகள் யாக்கோபு–ஏசா விஷயத்தில் முட்டிக்கொள்கிறார்: பிள்ளைகள் பிறக்கவும் இல்லை, நன்மை தீமை செய்யவும் இல்லை, ஒருவனை ஏன் கடவுள் தெரிந்துகொண்டார்? இவன் விசுவாசிப்பான் என்று முன்னறிந்ததாலா? விசுவாசமும் பெற்றுக்கொண்டதுதானே! சுயசித்தத்தைக் காப்பாற்ற எவ்வளவோ பாடுபட்டேன், கிருபை ஜெயித்துவிட்டது என்று கடைசிக் காலத்தில் அந்த நூலைத் திரும்பப் பார்த்துச் சொன்னார்.

பெலாஜியுஸ் வருவது இதற்குப் பிறகு. பிரிட்டனிலிருந்து வந்து ரோமில் வாழ்ந்த, ஒழுக்கத்தில் கண்டிப்பான மனிதர். 'நீர் கட்டளையிடுவதைத் தந்தருளும், அப்புறம் உமக்கு வேண்டியதைக் கட்டளையிடும்' என்ற அகுஸ்தீனின் ஜெபத்தை யாரோ அவர் முன்னால் சொல்ல, மனிதருக்குப் பொறுக்கவில்லை. பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்து சொகுசில் மிதந்த ரோமப் பணக்காரர்களை நாள்தோறும் பார்த்தவர் அவர். 'என்னால் என்ன ஆகும், பலவீனன்' என்று அவர்கள் சாக்குச் சொல்ல இந்த ஜெபம் வசதி செய்துகொடுக்கும் என்பது அவர் பயம். கடவுள் முடியாததைக் கட்டளையிட மாட்டார், கட்டளையிட்டார் என்றால் உன்னால் முடியும். பெலாஜியுஸை வில்லனாக்கிப் பழகிவிட்டோம், ஆனால் அவர் யுஸ்தீன், ஐரேனேயுஸ் பேசின பழைய பாஷையைத்தான் பேசினார். வேடிக்கை என்னவென்றால் அகுஸ்தீனுக்கு எதிராக அவர் எடுத்துக்காட்டினது அகுஸ்தீனின் அந்தச் சுயசித்த நூலையே. அது மணிக்கேயருக்கு எதிராக எழுதினது ஐயா, அங்கே கிருபையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை வரவில்லை என்று கிழவர் விளக்கம் எழுதினார். ஒரே புத்தகம், இரண்டு எதிரிகள்; நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

415-இல் பாலஸ்தீனத்தில் கூடிய பிஷப்புகளின் சங்கம் பெலாஜியுஸை விடுவித்தது, 418-இல் கார்த்தேஜும் பிறகு ரோமும் கண்டித்தன. அந்த அரசியலுக்குள் போனால் ராத்திரியாகிவிடும். ஆனால் ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரோமர் 5:12-ஐ நம் பழைய தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" மரணம் எல்லாருக்கும் வந்தது என்றிருக்கும். கிரேக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். அகுஸ்தீன் கையிலிருந்த லத்தீனிலோ 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று படிக்கும்படி இருந்தது. ஆதாமுக்குள்ளேயே நாம் எல்லாரும் இருந்து பாவம் செய்துவிட்டோம் என்ற முடிவுக்கு அவருக்கு வேறு காரணங்களும் உண்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் அதில் பெரியது. பாவமில்லை என்றால் எதைக் கழுவுகிறோம்? இந்தத் தர்க்கம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த கைக்குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக லேசான தண்டனை என்று சொல்லும் அளவுக்கு. இங்கே நான் அவரோடு போக மாட்டேன். எக்லானும் ஊர்ப் பிஷப் ஜூலியான் அன்றைக்கே கேட்டுவிட்டார்: பிறந்த குழந்தையைத் தண்டிக்கிறவர் நீதியுள்ள கடவுளா? இயல்பே கெட்டது என்கிறாயே, நீ இன்னும் மணிக்கேயன்தான்! ஜூலியான் இதை வெறும் வாய்ப்பேச்சாகப் பேசவில்லை, பஞ்சத்தில் தன் சொத்தை விற்று ஏழைகளுக்குச் சோறு போட்டவர் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. 430 ஆகஸ்டில் வாண்டல் படை ஹிப்போவைச் சுற்றி நிற்கும்போது அகுஸ்தீன் இறந்தார். ஜூலியானுக்கு எழுதிக்கொண்டிருந்த பதில் அப்போது பாதியில் நின்றது.

இனி உங்கள் இரண்டாம் பாதி, விசுவாசம். கெல்சுஸ் என்ற ரோம உலகத்து அறிவாளி, கிறிஸ்தவர்கள் 'விசாரிக்காதே, நம்பு' என்கிறார்கள் என்று குற்றம் சாட்டியபோது ஒரிஜென் பதில் சொன்னார்: விதை விதைப்பவனும் கப்பலேறுகிறவனும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறவனும் நன்றாகவே முடியும் என்று நம்பித்தானே இறங்குகிறார்கள்? அந்தப் பழைய பார்வையில் விசுவாசம் என்பது மனிதன் எடுத்துவைக்கும் அடி, கடவுள் அதற்கு மேல் தருவார். இளம் அகுஸ்தீனும் அப்படித்தான் நினைத்தார். 428 வாக்கில், கிழட்டு வயதில், தெற்கு 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டுத் துறவிகளுக்குப் பதில் எழுதும்போது, அப்படி நினைத்தது என் தவறு, விசுவாசத்தின் தொடக்கமும் ஈவுதான் என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறார்.

அப்போ சுதந்திரம் போயிற்றா? போகவில்லை என்கிறார், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். யோவான் சுவிசேஷப் பிரசங்கம் ஒன்றில் சொல்கிறார்: ஒருவன் விருப்பமில்லாமல் கோயிலுக்குள் வரலாம், விருப்பமில்லாமல் பீடத்தண்டை போகலாம், விருப்பமில்லாமல் நற்கருணை வாங்கலாம், விருப்பமில்லாமல் விசுவாசிக்க மட்டும் முடியாது. பிதா ஒருவனை இழுக்காவிட்டால் வர மாட்டான் என்று இயேசு சொன்னாரே, இழுத்தால் எப்படி விருப்பம் என்கிறாயா? ஆட்டுக்கு ஒரு பச்சைக் கிளையைக் காட்டு, இழுத்துவிட்டாய். சின்னப் பையனுக்குக் கொட்டைகளைக் காட்டு, ஓடிவருகிறான். கயிறு எங்கே? அவன் நேசிப்பதே அவனை இழுக்கிறது. இந்த இடத்தில் சுதந்திரம் என்றால் இரண்டு கதவுக்கு நடுவில் நின்று எதைத் திறக்கலாம் என்று யோசிப்பது ஆகாது. நல்லது இனிப்பதுதான் சுதந்திரம், அந்த இனிப்பு நமக்கு நாமே வரவழைத்துக்கொள்ளக்கூடியது இல்லை என்பதால் அது ஈவு. பழக்கச் சங்கிலியில் கிடந்த ஒருவருக்கு இது தத்துவமாக இருந்திருக்காது, நடந்த சம்பவமாகவே இருந்திருக்கும்.

இவ்வளவு அழகாகச் சொன்ன மனிதரே, 408 வாக்கில், பிரிந்துபோன தொனாத்திஸ்துகளை அரசுச் சட்டத்தால் நெருக்கிச் சபைக்குள் கொண்டுவருவது நல்லதுதான் என்று வாதிட்டுக் கடிதம் எழுதினார். 'உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா' என்ற வசனம் அதற்கு உதவிக்கு வந்தது. கொட்டையைக் காட்டினது போய்க் கோலைக் காட்டினது. பிற்காலத்தில் இந்தக் கடிதத்தை எவரெவர் எதெதற்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை.

உங்கள் கணக்குக்கு நேரடியாக ஒரு விடை அந்தக் காலத்திலேயே சொன்னவர் மார்செய் நகரத்துத் துறவி யோவான் காசியான். சில சமயம் முதல் அடி மனிதனுடையது: இயேசுவைப் பார்க்கச் சகேயு தானே மரத்தில் ஏறினான். சில சமயம் கடவுளுடையது: ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவையும் தமஸ்கு வழியில் போன பவுலையும் அவரே போய்ப் பிடித்தார். இரண்டில் ஒன்றைச் சட்டமாக்காதே. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் பேசினது நினைவுக்கு வருகிறதா? இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது, கேள்வி ஒன்றே. காசியான் குட்டிக்குக் குட்டி வித்தியாசப்படும் என்றார்.

மேற்குச் சபை அவர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. 529-இல் ஒராஞ்சு நகரத்தில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே என்று அகுஸ்தீன் பக்கம் சாய்ந்தது. கடவுள் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சாபம் என்றும் கூடவே எழுதிவைத்தது. கிழக்கே கிரேக்கச் சபைகளில் இந்தச் சண்டை பெரிதாக நடக்கவே இல்லை. அங்கே காசியான் புனிதர், அவருடைய திருநாள் பிப்ரவரி 29.

எங்கே வாசிக்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பெலாஜியுஸுக்கு எதிரான நூல்களில் தொடங்காதீர்கள், கோபத்தில் எழுதினவை, இரண்டு பக்கத்தில் மூடிவைத்துவிடுவீர்கள். அகுஸ்தீனின் 'அறிக்கைகள்' எட்டாம் புத்தகம், தோட்டத்துக் காட்சி வருவது, ஒரே மூச்சில் வாசிக்கக்கூடியது. அது பிடித்தால் பின்னால் திரும்பி இரண்டாம் புத்தகத்துக்குப் போங்கள். பேரிக்காய் அங்கே இருக்கிறது.